ஒன்றும் நடக்காத படத்தை நான் ஏன் இரண்டாம் முறை பார்த்தேன்

"நண்பகல் நேரத்து மயக்கம் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். கதை நகரவே இல்லை, முடிவும் விளங்காதாம். இதில் மம்முட்டியின் நடிப்பை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் இதை வீட்டுக் கூடத்தில், ஆட்கள் வந்து போகும் நேரத்தில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2023 பிப்ரவரியில் இந்த மலையாளப் படம் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது நானும் அப்படித்தான் பார்த்தேன். அரை மணி நேரம் போவதற்குள் என் மைத்துனர், "விருதுப் படம், இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டிவிட்டார். இந்த வழக்கத்தின் மீது எனக்குத் தீராத வருத்தம் உண்டு. ஒரு மனிதனின் நடையையும் அவன் பேசாமல் நிற்கும் நேரத்தையும் சுருக்கிவிட்டு, பிறகு நடிப்பே இல்லை என்று சொல்வது நியாயமாகாது.

அடுத்த மே மாதம், ஒரு மதியம், தனியாக மறுபடியும் பார்த்தேன். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு கேரளத்தின் மூவாற்றுப்புழைக்குத் திரும்பும் நாடகக் குழுவின் தலைவர் ஜேம்ஸ் (மம்முட்டி), வழியில் உறக்கத்திலிருந்து விழித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி, சோளக்காட்டுக்குள் இறங்கி நடக்கிறார். முன்பின் அறியாத தமிழ்க் கிராமத்து வீடு ஒன்றில் நுழைந்து, கொடியில் காயும் கைலியை எடுத்துக் கட்டிக்கொள்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காணாமற்போன சுந்தரத்தின் வீடு அது; ஜேம்ஸ் அங்கே சுந்தரமாகவே நடந்துகொள்கிறார். அந்த இடத்தில் மம்முட்டி குரலை மாற்றிக் காட்டவோ, கண்ணை உருட்டவோ இல்லை. மாட்டுக்குத் தீனி வைக்கும் கை தடுமாறுவதில்லை, அவ்வளவுதான். சற்று முன்பு தேநீரில் இனிப்பு அதிகம் என்று முகம் சுளித்தவர் இப்போது சர்க்கரை போதவில்லை என்கிறார். ஆவியா, கனவா, நாடகக்காரரின் மனத்தில் ஓடிய நாடகமா என்று இயக்குநர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி எந்த இடத்திலும் தீர்த்துச் சொல்வதில்லை.

என் சித்தப்பா நான் பள்ளியில் படித்தபோது வீட்டை விட்டுப் போனவர்; திரும்பவில்லை. அப்பத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் பார்வை போய்விட்டது. அதன் பிறகும் வானொலிப் பெட்டிக்கு அருகிலேயே, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கல்லூரி விடுமுறையில் நான் ஊருக்குப் போயிருந்த ஒரு மதியம், என் கையைப் பிடித்துக்கொண்டு, சித்தப்பாவின் பெயரைச் சொல்லி, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார். "அப்பத்தா, நான் உங்க பேரன்" என்றேன். அவர் கையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி என்னை அழைத்ததே இல்லை.

படத்திலும் சுந்தரத்தின் தாய் பார்வையற்றவர். தொலைக்காட்சியின் முன்னேயே இருப்பவர். மனைவி பூங்குழலியும் ஊராரும் திகைத்து நிற்கும்போது, வந்தவரை அந்நியராக நினைக்காதவர் அந்தத் தாய் ஒருவர்தான். அந்த வீட்டில் ஜேம்ஸ் எவ்வளவு இயல்பாக ஒரு மகனாக இருக்கிறார் என்பதைப் பார்த்தபோது நான் படத்தை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் வெளியே நின்றேன். தேனி ஈஸ்வரின் கேமரா நகராமல் நிற்பதும், பின்னணி இசைக்குப் பதிலாக அக்கம்பக்கத்து வீடுகளின் பழைய பாட்டும் வசனமும் கேட்டுக்கொண்டே இருப்பதும், ஒருவரை எதிர்பார்த்துக் கிடக்கும் வீட்டின் பகல் பொழுதாகவே எனக்குப் பட்டன. அந்தப் பொழுது வேகமாகப் போகாது.

என் சொந்தக் கதையைப் படத்தின் மீது ஏற்றுகிறேன் என்று சிலர் சொல்லலாம். மம்முட்டி ரசிகன் என்றும் சொல்லலாம். அவர் படங்களில் நான் பார்த்தவை பத்தைத் தாண்டாது. 2022ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்ததையும் ஆதாரமாகக் காட்ட விரும்பவில்லை. பிடிக்காதவர்களுக்கு ரசனை இல்லை என்றும் நான் கருதவில்லை.

தொடக்கத்தில் விடுதிக்காரர் ஜேம்ஸுக்கு "உறங்குவது போலுஞ் சாக்காடு" என்ற குறளுக்குப் பொருள் சொல்லும் இடத்திலிருந்து, இயல்பான வேகத்திலேயே மறுபடியும் பாருங்கள். அவர் யார் என்பதைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். அந்த வீட்டில் அவர் எதையெல்லாம் கேட்காமலே எடுக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.