சொகோட்டோ: மதப் போரா, இனப் போரா?

அன்புள்ள சார்,

நைஜீரியா பற்றி எழுதும்போது அதன் வடக்கே போரில் எழுந்த இஸ்லாமிய அரசான சொகோட்டோ கிலாஃபத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். 1804இல் நடந்தது மதப் போரா, இல்லை மாடு மேய்க்கும் ஃபுலானிகள் மதத்தின் பெயரால் ஹவுசா மக்களின் நாடுகளைப் பிடித்த கதையா?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

தாண்டியது தப்புதான்.

அந்தப் போருக்குத் தலைமை தாங்கிய உஸ்மான் டான் ஃபோடியோ மாடு மேய்த்தவர் இல்லை. தலைமுறைகளாக ஓதிக்கொடுத்து வந்த ஃபுலானி குலத்து அறிஞர், கோபிர் என்ற ஹவுசா நாட்டில் தேகல் என்ற ஊர்க்காரர். ஹவுசா மன்னர்களும் முஸ்லிம்கள்தான், பேருக்காவது. ஷரியத்தில் இல்லாத வரியை எதற்கு வாங்குகிறீர்கள், முஸ்லிமையே பிடித்து அடிமையாக விற்கலாமா என்று இவர் கேட்டது மாட்டு வரி கட்டி நொந்த ஃபுலானி மேய்ப்பருக்கும் பிடித்தது, ஹவுசா குடியானவருக்கும் பிடித்தது. கூட்டத்தைப் பார்த்து மிரண்ட கோபிர் மன்னர் நஃபாத்தா, தகப்பன் முஸ்லிமாக இல்லாதவன் முஸ்லிமாகக் கூடாது, தலைப்பாகை கூடாது, முக்காடு கூடாது என்று உத்தரவு போட்டார். அடுத்து வந்த யுன்ஃபாவோடு பகை முற்றி, 1804இல் உஸ்மான் குடு என்ற ஊருக்கு ஹிஜ்ரத் போனார், அதாவது மதத்துக்காக ஊரை விட்டுப் பெயர்ந்தார். அதோடு போர் தொடங்கியது. 1808இல் கோபிரின் தலைநகர் அல்கலாவா விழுந்தது, யுன்ஃபாவும் செத்தார்.

சரி, அப்புறம் நடந்ததைப் பார்த்தால் உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. பௌச்சியின் யாகூபுவைப் போல ஓரிருவர் தவிர, பிடித்த நாடுகளில் அமீர்களாக, அதாவது ஆட்சியாளர்களாக, உட்கார்ந்தவர்கள் ஃபுலானிகள். அடிமை முறை ஒழியவில்லை, இன்னும் பெருகியது. முஸ்லிம் அல்லாதவர்களைப் பிடிக்கத் தடையில்லையே. உஸ்மானின் தம்பி அப்துல்லாஹியே கூட இருந்தவர்கள் பதவிக்கும் பொருளுக்கும் அலைவதைக் கண்டு வெறுத்துப்போய் 1807இல் படையை விட்டுவிட்டு கானோ நகருக்குப் போய்விட்டார். கிழக்கே இருந்த முஸ்லிம் நாடான போர்னுவின் அறிஞர் அல்-கானெமி இன்னும் நேராகவே கேட்டார்: முஸ்லிம்களான எங்களை ஏன் அடிக்கிறீர்கள், பாவம் நடக்காத ஊர் எது, எகிப்து மட்டும் ஒழுங்கா? உஸ்மானின் மகன் முகம்மது பெல்லோ அதற்கு விடாமல் பதில் எழுதினார். ஒரு பக்கம் போர், ஒரு பக்கம் கடிதச் சண்டை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மொழி விஷயத்தில் வென்றது யார் என்பது இன்னும் வேடிக்கை. உஸ்மானின் மகள் நானா அஸ்மாவு அரபி, ஃபுலானிகளின் ஃபுல்ஃபுல்டே, ஹவுசா மூன்றிலும் கவிதை எழுதினார். ஊர்ப் பெண்களுக்குப் பாடம் போய்ச் சேர ஹவுசா வேண்டியிருந்தது. ஆண்ட ஃபுலானி குடும்பங்களில் பலவற்றில் இன்று வீட்டு மொழியே ஹவுசாதான்.