புது டிவியில் படம் மங்கலா? முதலில் மஞ்சள் கேபிளைக் கழற்றுங்கள்

கேள்வி: புதிதாக 1080 ஹெச்டி டிவி வாங்கியிருக்கிறேன். செட்டாப் பாக்ஸ், டிவிடி பிளேயர், ப்ளூ-ரே பிளேயர் மூன்றையும் பழைய ஹோம் தியேட்டர் ரிசீவரில் சொருகி, அங்கிருந்து டிவிக்கு ஒரே மஞ்சள் கேபிள் கொடுத்திருக்கிறேன். ரிசீவரில் ஹெச்டிஎம்ஐ கிடையாது. பழைய டிவியைவிடப் படம் மங்கலாகத் தெரிகிறது. ரிசீவரை மாற்றணுமா, இல்லை விலை உயர்ந்த கேபிள் போதுமா?

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். கோளாறு அந்த மஞ்சள் கேபிளில் இருக்கிறது.

காம்போசிட் எனப்படும் அந்த இணைப்பில் படத்தின் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. டிவியால் அவற்றை முழுசாகப் பிரிக்க முடிவதில்லை. திரையில் பளிச்சென்ற சிவப்பு எழுத்து வரும்போது கிட்டே போய் அதன் ஓரத்தைப் பாருங்கள். பொடிப் பொடிப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். சின்னத் திரையில் கண்ணுக்குப் படாதது, பெரிய திரையில் அப்பட்டமாகத் தெரிகிறது.

அதைவிடப் பெரிய சங்கதி, இந்தக் கம்பியில் ஹெச்டி படம் வரவே வராது. செட்டாப் பாக்ஸ் ஹெச்டியாகவே இருந்தாலும் மஞ்சள் வழியே வருவது 480 அல்லது 576 வரிப் படம்தான். உங்கள் திரையில் 1920 x 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். வந்து சேருவதோ அதிகபட்சம் 720 x 576, சுமார் 4.1 லட்சம். மிச்சத்தை டிவி தானே ஊகித்து நிரப்புகிறது. மங்காமல் என்ன செய்யும்? வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பியில் அனுப்பும் எஸ்-வீடியோ கேபிளுக்கு மாறினால் ஊரும் புள்ளிகள் போகும், வரிகள் கூடாது.

எனவே படம் நேரே டிவிக்குப் போகட்டும், ஒலி மட்டும் ரிசீவருக்கு வரட்டும். ப்ளூ-ரே பிளேயரையும் செட்டாப் பாக்ஸையும் ஹெச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் சொருகுங்கள். பாக்ஸின் மெனுவில் வீடியோ அவுட்புட் 1080 என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பலரும் கேபிளை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

டிவிடி பிளேயரில் ஹெச்டிஎம்ஐ இல்லாவிட்டால் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று முனை கொண்ட காம்பொனென்ட் கேபிள் நல்லது. ஒலிக்கான கேபிளிலும் ஒரு சிவப்பு முனை இருப்பதால் குழப்பம் வரும். படம் கறுப்பு வெள்ளையில் வந்தால் பச்சை மட்டும் சரியாக இருக்கிறது, மற்ற இரண்டும் சேரவில்லை என்று அர்த்தம். முகங்கள் நீலம் பாய்ந்து தெரிந்தால் நீலமும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. ப்ளூ-ரேவுக்கு இந்த வழியை நம்பாதீர்கள். நகல் தடுப்பு விதிகளால் 2011 முதல் வந்த பிளேயர்கள் பாதுகாக்கப்பட்ட டிஸ்க்கை அனலாக் (மஞ்சள், காம்பொனென்ட் போன்ற டிஜிட்டல் அல்லாத) வழியே ஹெச்டியில் தருவதில்லை.

ஒலிக்கு, ஒவ்வொரு கருவியிலிருந்தும் நேரே ரிசீவருக்கு ஆப்டிகல் கேபிள் (ஒலியை ஒளியாகக் கடத்துவது) போடுங்கள். டிவியின் ஆப்டிகல் வழியாகவும் எடுக்கலாம்தான், ஆனால் வெளியிலிருந்து வரும் 5.1 ஒலியை (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபருக்கானது) பல டிவிகள் ஸ்டீரியோவாகச் சுருக்கிவிடும். ஆப்டிகலில் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்ற 5.1 ஒலி வகைகள் இரண்டும் வரும். ப்ளூ-ரேயின் ட்ரூஹெச்டி என்ற தரம் குறையாத ஒலி வராது. அது வேண்டும் என்று தோன்றும் நாளில் ரிசீவரை மாற்றிக்கொள்ளுங்கள், அதுவரை இருப்பதே போதும்.

கேபிள் விலை பற்றி ஒரு வார்த்தை. ஹெச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் சிக்னல். கேபிள் சரியில்லை என்றால் வெள்ளைப் பொட்டுகள் மின்னும், அல்லது படம் விட்டுவிட்டு வரும். நிறம் வெளுப்பதோ படம் மங்குவதோ அதனால் அல்ல. இரண்டு மீட்டருக்குள் ‘ஹை ஸ்பீட்’ என்று போட்ட சாதாரண கேபிளே 1080க்குத் தாராளம்.

இப்படிப் பிரித்த பிறகு வசனம் முந்தி, உதடு பிந்தி அசைவதாகத் தோன்றலாம். டிவி படத்தைச் செப்பனிட எடுத்துக்கொள்ளும் நேரம்தான் காரணம். ரிசீவரில் ஒலியைத் தாமதப்படுத்தும் ‘ஆடியோ டிலே’ இருந்தால், செய்தி வாசிப்பவர் முகத்தைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இல்லையென்றால் டிவியில் இந்தச் செப்பனிடலைக் குறைக்கும் ‘கேம் மோட்’ போட்டுப் பாருங்கள், தாமதம் வெகுவாகக் குறையும்.