அப்பாவின் கடன் நோட்டில் ஒரு சிவப்புக் கோடு

"ஒரு தேசியத் துயரம் ஆண்டுகள் போகப் போக ஒரு நாட்டை எப்படி மாற்றுகிறது? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரில் பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. நாகப்பட்டினத்தில் எங்கள் வீடு கடலிலிருந்து மேற்கே தள்ளி இருந்தது. அலையை நான் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் ஓடி வந்தவர்களைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி, காலை ஒன்பது மணியை ஒட்டியிருக்கும். இடுப்புவரை நனைந்த ஒரு பெண் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "கடல் ஊருக்குள்ளே வந்துவிட்டது" என்றாள். "புயல் என்று ரேடியோவில் சொல்லவே இல்லையே" என்றாள் அம்மா. எங்கள் ஊருக்குக் கடலால் ஒரு கேடு வந்தால் அதன் பெயர் புயல். 1977 புயலைப் பார்த்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். மேகமே இல்லாத ஒரு காலையில் கடல் எழுந்து வருவதற்கு எங்களிடம் சொல் இல்லை.

சொல் மறுநாள் செய்தித்தாளில் வந்தது. சுனாமி. நான் எழுத்துக்கூட்டிப் படித்தது நினைவிருக்கிறது. தமிழில் சொல்ல விரும்பியவர்கள் ஆழிப்பேரலை என்றார்கள். நினைவுத் தூண்களில் அந்தச் சொல்தான் நிற்கிறது. வாயில் நின்றது சுனாமி. ஒரு வருடத்திற்குள் அது பேரலை என்ற பொருளைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வேலைகளுக்குப் போய்விட்டது. சுனாமி வீடு, சுனாமி படகு, சுனாமி குடியிருப்பு. இன்றைக்கு ரேஷன் கார்டில் முகவரியாக அதை எழுதும்போது யாருக்கும் கை நடுங்குவதில்லை. மேடைப் பேச்சாளர்களோ வாக்குகள் சுனாமியாய் வரும் என்கிறார்கள். முதலில் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது வருவதில்லை.

அன்று காலை 6.29-க்கே சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்துவிட்டது. அலை எங்களிடம் வந்து சேர இரண்டரை மணி நேரம் போல ஆகியிருக்கிறது. அந்த நேரத்தில் ஊரையே காலி செய்திருக்கலாம். எச்சரிக்கும் ஏற்பாடு பசிபிக் பெருங்கடலுக்கு இருந்தது, இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. இங்கே சுனாமி வராது என்ற நினைப்பு. இத்தனைக்கும் 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் பக்கம் வந்த நிலநடுக்கத்தின் அலை, நாகப்பட்டினத்தில் வைத்திருந்த கடல்மட்டக் கருவியிலேயே பதிவாகியிருக்கிறது. இதை நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊர் அதை ஒரு முறை எழுதியே வைத்திருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் போனார்கள். அதில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எங்கள் மாவட்டத்துக்காரர்கள். எண் எல்லாருக்கும் தெரியும். எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது வேறு ஒரு கணக்கு.

அப்பா கயிறும் வலைச் சாமான்களும் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் என்ற மீனவர் ஊர்களின் ஆட்கள்தான் வாடிக்கை. சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று உண்டு. ஊர், பெயர், வாங்கிய சாமான், கடன். பாடு, அதாவது மீன், கிடைத்தால் கொடுப்பார்கள், கடல் ஓடாவிட்டால் அடுத்த மாதம். பொங்கல் கழித்துக் கடை திறந்த அன்று அப்பா அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பக்கத்தில் கீச்சாங்குப்பத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்பா பெயரை வாசிப்பார். அவர் "இருக்கிறான்" என்பார், அல்லது பேசாமல் இருப்பார். பேசாமல் இருந்த பெயர்களின் மேல் அப்பா சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, ஓரத்தில் "தீர்ந்தது" என்று எழுதினார். கணக்குப் பிள்ளைகள் இதை வராக்கடன் என்று எழுதுவார்கள். அப்பாவுக்கு அந்தச் சொல் தெரியாமல் இல்லை.

அந்த நோட்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்களில் கோடு விழுந்தது குறைவு. அதிகாலையில் கடலுக்குப் போயிருந்தவர்களுக்குப் படகின் அடியில் லேசாக ஒரு ஏற்றம் போனது, அவ்வளவுதான். கரைக்குத் திரும்பியபோதுதான் கரை இல்லை. மீனுக்காகக் கூடையோடு காத்திருந்த பெண்களும், மணலில் விளையாடிய பிள்ளைகளும்தான் போனார்கள். அப்பாவின் நோட்டில் பெயரே இல்லாதவர்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒருவர் கடைக்கு வந்தார். அண்ணன் வாங்கிய கயிற்றுக்கு 1,400 ரூபாய் பாக்கி இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள் முதலாளி என்றார். அப்பா நோட்டைத் திறந்து கோட்டைக் காட்டினார். "நீங்கள் தீர்ந்தது என்று எழுதினால் ஆயிற்றா? அவன் கடனாளியாகப் போகக் கூடாது" என்று அவர் சண்டைக்கே வந்துவிட்டார். அப்பா பணத்தை வாங்கிக்கொண்டு, பழைய "தீர்ந்தது"வுக்குக் கீழே தேதி போட்டு இன்னொரு முறை "தீர்ந்தது" என்று எழுதினார். வாங்கியது சரியா என்று இரண்டு நாள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நாடு எப்படி மாறியது என்றும் அந்த நோட்டையே கேட்கலாம். 2004 வரை பக்கத்துக்குப் பக்கம் கட்டுமரம் கட்டும் கயிறு இருக்கும். 2005-க்குப் பிறகு அது தேய்ந்துகொண்டே வந்து நின்றுவிடுகிறது. தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. இழந்ததைவிட வந்தது அதிகம் என்று மீனவர்களே சிரிப்பார்கள். கட்டுமரத்தில் போன கூலி ஆட்கள் சிலர் படகுச் சொந்தக்காரர்கள் ஆனார்கள், டீசல் கடனும் கூடவே வந்தது. கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்கே கொடுத்த கரையில், உதவி என்ற பெயரில் கட்டுமரம் மறைந்தது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. யாரையும் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக் கதை இன்னும் சிக்கல். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் புது வீடு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பழைய இடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2005-இல் ஆணை வந்தது. கடலைப் பார்த்துக்கொண்டே தூங்கியவர்கள் கான்கிரீட் வரிசை வீடுகளுக்குப் போனார்கள். கடலைப் பார்க்காமல் காற்றை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டவர்கள் உண்டு. படகும் வலையும் இல்லாதவர்கள், அதாவது இருளர்களும் கரையில் கூலி வேலை பார்த்த தலித் மக்களும், நிவாரணப் பட்டியலில் ஏறவே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. துயரம் எல்லாரையும் சமமாக்கும் என்பார்களே, நான் பார்த்தவரை அந்தச் சமம் முதல் மூன்று நாள்தான். சோற்றுப் பொட்டலம் வரிசைக்கு வந்த நாளிலேயே பழைய வரிசையும் வந்துவிட்டது.

எனக்கு மிகவும் ஆச்சரியமானது வேறொன்று. பிள்ளைகளை இழந்த பெண்களில் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். அதை மாற்றியமைக்கும் அறுவைக்கு அரசே செலவு ஏற்றது. இரண்டு போதும் என்று பல ஆண்டுகளாகச் சுவர் சுவராக எழுதிய அரசு, இன்னொன்று பெற்றுக்கொள்ளுங்கள் என்று பணம் கொடுத்தது. அப்படிப் பிறந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். இறந்த அக்காவின் பெயரையே அவளுக்கு வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 26 அன்று கரையில் மெழுகுவத்தி ஏற்றும்போது அவள் தன் பெயரையே அஞ்சலி பேனரில் படிக்கிறாள். "சின்ன வயதில் பயமாக இருக்கும் அண்ணா, இப்போது பழகிவிட்டது" என்றாள். அவள் இப்போது நர்சிங் படிக்கிறாள்.

இனி சட்டம். அலை வந்து ஓராண்டு முடிவதற்குள், 2005 டிசம்பரில், பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. பிரதமர் தலைமையில் ஓர் ஆணையம், அதன் கீழ் மீட்புப் படை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது எங்கோ டெல்லியில் நடந்த ஒரு செய்தி. பதினான்கு வருடம் கழித்து 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாடு முழுவதையும் பூட்டியபோது எந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள் தெரியுமா? அதையேதான். அப்பாவைக் கடையை இழுத்து மூடச் சொன்ன போலீஸ்காரருக்கு அது தெரிந்திருக்காது. ராஜஸ்தானில் கடலையே பார்க்காத ஒருவர் அன்று வீட்டுக்குள் உட்கார்ந்ததற்கும் கீச்சாங்குப்பத்துக்கும் ஒரு நூல் இருக்கிறது. நாடு மாறியது என்று நான் சொல்வது இப்படிப்பட்டவற்றைத்தான். எதனால் வந்தது என்பது மறந்த பிறகும் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ராப் பக்கம் 8.6 அளவில் அதிர்ந்தது. நான் அப்போது சென்னையில் படித்துக்கொண்டிருந்தேன். நாற்காலி ஆடியது, எல்லாரும் தெருவுக்கு ஓடினோம். ஊருக்கு போன் போட்டால் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கிடைத்தபோது, அப்பா கடையைப் பூட்டிவிட்டு அம்மாவோடு திருவாரூர் பஸ்ஸில் இருந்தார். நோட்டைக் கையோடு எடுத்துப் போயிருந்தார். பேரலை எதுவும் வரவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2017-இல் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரிக்கடல் மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. மறு ஆண்டு கஜாவுக்கு எங்கள் பக்கம் முன்கூட்டியே ஆட்களை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். பல உயிர்கள் பிழைத்தன, தென்னை பிழைக்கவில்லை.

2023-இல் கைபேசிகளில் ஒரு சோதனை எச்சரிக்கை அனுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலறியது. நான் அன்று ஊரில் இருந்தேன். கடைப் பையன் தன் போனைப் பார்த்துச் சிரித்தான்; அவன் சுனாமிக்குப் பிறகு பிறந்தவன். அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு செய்தியை இரண்டு முறை படித்தார். சோதனைதான் அப்பா, ஒன்றும் இல்லை என்றேன். தலையாட்டினார். பிறகு அக்கரைப்பேட்டையில் ஐஸ் வியாபாரம் செய்யும் அத்தை மகனுக்கு போன் போட்டு, கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"ஏலம் நடந்துகொண்டிருக்கிறது மாமா, பேச நேரமில்லை" என்று அவன் வைத்துவிட்டான். அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.