சென்னை ஐகோர்ட் நிற்கும் மண்ணில் அதற்கு முன் யார் இருந்தார்கள்?

கேள்வி: ஒரு நகரத்தில் ஒரே ஒரு வட்டாரத்து நிலத்தை எடுத்துக்கொண்டால், சில நூற்றாண்டுகளில் அதன் பயன்பாடும் அங்கே வாழ்ந்த மக்களும் எப்படியெல்லாம் மாறியிருப்பார்கள்? ஓர் உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

சென்னையிலேயே இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. வடக்கே என்.எஸ்.சி. போஸ் சாலை, கிழக்கே ராஜாஜி சாலை, தெற்கே செயின்ட் ஜார்ஜ் கோட்டை. இவற்றுக்கு நடுவே உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் நிலம். பாரிமுனையில் பஸ் ஏறி இறங்கியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த இடம்தான். சாலையின் வடபக்கம் மூச்சு முட்டும் நெரிசல். தென்பக்கம் மரங்களும் திறந்தவெளியும். ஒரு சாலையைக் கடந்தால் எப்படி இவ்வளவு வித்தியாசம் என்று யோசித்திருக்கிறீர்களா? காரணத்தைத் தேடிப் போனால், அந்தத் திறந்தவெளி ஒரு காலத்தில் ஊராக இருந்தது என்பது தெரியவரும். பீரங்கிக்குப் பயந்து அந்த ஊரை இடித்துவிட்டார்கள். ஊர் காலியானதால்தான் பின்னாளில் நீதிமன்றத்துக்கு அங்கே இடம் கிடைத்தது.

முதலிலிருந்து வருகிறேன். 1639இல் இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கடற்கரையில் ஒரு மணல் திட்டைப் பெற்றது. கம்பெனி அதிகாரிகளான பிரான்சிஸ் டேயும் ஆண்ட்ரூ கோகனும் அடுத்த ஆண்டே அங்கே கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியது நிலமல்ல, துணி. துணி வேண்டுமென்றால் நெசவாளர்களும் சாயக்காரர்களும் துணியில் சித்திரம் எழுதுகிறவர்களும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதனால் இங்கே வந்து குடியேறுகிறவர்களுக்கு, உண்ண, குடிக்க, உடுக்க வாங்கும் பொருள்களின் மேல் 30 ஆண்டுகளுக்கு வரி இல்லை என்று கம்பெனி அறிவித்தது. முதல் ஓராண்டிலேயே 300, 400 குடும்பங்கள் வந்துவிட்டதாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன. அவர்கள் வீடு கட்டியது கோட்டைச் சுவருக்கு நேர் வடக்கே, அதாவது இன்றைய ஐகோர்ட் வளாகத்தில். கோட்டையை ஒட்டி வெள்ளையர் நகரம், அதற்கு வடக்கே கறுப்பர் நகரம் என்று ஆங்கிலேயர் பிரித்துப் பெயர் வைத்தார்கள். இனத்தைப் பார்த்து மனை ஒதுக்கிய இந்த ஏற்பாட்டில்தான் சென்னை பிறந்தது. இதைச் சொல்லாமல் அந்த நிலத்தின் கதையைச் சொல்ல முடியாது.

தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது தயாரான வரைபடத்தைப் பார்த்தால் அந்த ஊர் கண்முன் வந்துவிடும். நேர்நேராகத் தெருக்கள், கடைவீதி, நடுவே கோயில். அது சென்னகேசவப் பெருமாள் கோயில். 1640களின் கொடைப் பத்திரங்களில் அதோடு சேர்த்து இரண்டு பெயர்கள் வருகின்றன. ஒருவர் நாகபட்டன், கம்பெனிக்கு வெடிமருந்து செய்துகொடுத்தவர். இன்னொருவர் பேரி திம்மப்பா, கம்பெனியின் முன்னணி வணிகர்களில் ஒருவர். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கிய ஊர் அது. ஆர்மீனிய வணிகர்களும் இருந்தார்கள். 1712இல் அவர்களுடைய முதல் தேவாலயம் இந்தப் பகுதியில்தான் எழுந்தது.

வடமேற்கு ஓரத்தில் ஆங்கிலேயர்கள் தங்கள் இறந்தவர்களைப் புதைத்தார்கள். கூம்பு கூம்பாக உயரமான கல்லறைகள். அவற்றில் ஒன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யாருக்காக ஊர் தொடங்கியதோ, அந்த நெசவாளர்களே இங்கே நிலைக்கவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கம்பெனிக்குத் துணித் தேவை கூடக் கூட, நெசவுக்கென்று தனி ஊர்களையே உண்டாக்கினார்கள். 1734இல் சுங்குராமரின் தோட்டமாக இருந்த நிலத்தில் உருவான சிந்தாதிரிப்பேட்டை அப்படி வந்ததுதான். தறி போட நீளமான இடம் வேண்டும், பாவு நூலை விரிக்கத் தெரு வேண்டும். கோட்டையடியில் மனை கிராக்கியானபோது அது வணிகர் கைக்குப் போவதும், கைவினைஞர் தள்ளிப் போவதும் இயல்பு என்றே நினைக்கிறேன். இன்றும் எந்த ஊரிலும் நடப்பதுதான் இது.

அப்புறம் வந்தது 1746. லபூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே வீடுகள் நின்றன. எதிரி அந்த வீடுகளின் மறைவில் சுவர் வரை வந்துவிடலாம். அதனால் சுவருக்குப் பக்கத்திலிருந்த வீடுகளைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். 1749இல் ஆங்கிலேயர்கள் ஊரைத் திரும்பப் பெற்றார்கள். வீடுகளைத் திரும்பக் கட்டிக்கொடுக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் செய்தது ராணுவக் கணக்கில் சரிதான் என்று முடிவெடுத்து, 1757இல் மிச்சமிருந்த ஊரையும் இடித்துத் தள்ளினார்கள். கோயிலும் போயிற்று. நூறாண்டுக்கு மேல் மக்கள் வாழ்ந்த இடம் பீரங்கி சுடுவதற்கான வெட்டவெளியாக மாறியது.

மக்கள் எங்கே போனார்கள்? வடக்கே ஏற்கெனவே இருந்த முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும். மாற்று மனை அங்கே கிடைத்தது. அந்த இரண்டு பேட்டைகளும் சேர்ந்துதான் புதிய கறுப்பர் நகரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றினார்கள். இன்று அந்தத் தெருக்களில் நாம் பார்க்கும் நெரிசலுக்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு முழு ஊரை அடுத்த ஊரின் மேல் கொண்டுபோய் வைத்தது அவற்றில் ஒன்று என்று சொன்னால் மிகையில்லை.

கோயிலும் அவர்களோடு நகர்ந்தது. 1760களில் பூக்கடைப் பக்கம் மாற்று இடம் கொடுத்தார்கள். ஆளுநர் பிகட்டின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளரும் முகவருமாக) இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார் பொறுப்பெடுத்துக்கொண்டார். கம்பெனி தந்தது 1,173 வராகன் (அந்தக் காலப் பொற்காசு). முதலியார் தன் கைப்பணமாகப் போட்டது 5,202 வராகன். மீதியை ஊர்மக்கள் திரட்டினார்கள். இடித்தது யார், கட்டியதில் பெரும்பங்கு யாருடையது என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீஸ்வரரும் அருகருகே இருக்கும் அந்த இரட்டைக் கோயில் இன்றும் தேவராஜ முதலி தெருப் பக்கம் இருக்கிறது. பட்டணம் கோயில் என்பார்கள். ஆர்மீனியர்களும் 1772இல் இன்றைய அரண்மனைக்காரத் தெருவில் புதிய தேவாலயம் கட்டிக்கொண்டார்கள்.

இடித்தது வீணாகவில்லை என்று கம்பெனிக்காரர்கள் நினைத்திருப்பார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். ஆனால் அந்த முற்றுகையில் பிரெஞ்சு வீரர்கள் பதுங்கிக்கொள்ள வெட்டவெளியில் ஒரு மறைப்பு மிச்சம் இருந்தது: ஆங்கிலேயர்களின் கூம்புக் கல்லறைகள். கோயிலை இடித்தவர்கள் தங்கள் இடுகாட்டில் கை வைக்காமல் விட்டிருந்தார்கள். முற்றுகை முடிந்த பிறகுதான் அதையும் அகற்றினார்கள். பெயர் பொறித்த கற்களைக் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்துக்குக் கொண்டுபோய் முற்றத்தில் பதித்தார்கள். இன்றும் அவற்றின் மேல்தான் நடந்து உள்ளே போகிறோம்.

இனி யாரும் இங்கே வீடு கட்டக் கூடாது என்பதற்கு எல்லைக் கல் நட்டார்கள். 1773இல் ஆறு தூண்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. எனக்கு ஐகோர்ட் கோபுரத்தைவிட அந்தக் கல்தான் பெரிதாகத் தெரியும். நகரத்தின் ஒரு பாதி ஏன் நெரிசலாகவும் மறுபாதி ஏன் திறந்தும் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு கிடையாது. காலியான நிலத்துக்கு எஸ்பிளனேடு என்று பெயர். சாலைப் பெயரிலும் காவல் நிலையப் பெயரிலும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு சென்னைக் கோட்டையை முற்றுகையிட யாரும் இல்லை. வெட்டவெளிக்கான காரணம் போய்விட்டது, வெட்டவெளி மட்டும் இருந்தது. அடுத்த பல பத்தாண்டுகளில் அங்கே பெரிதாக எழுந்தது ஒரு கலங்கரை விளக்கம்தான். பல்லாவரத்துக் கல்லில் கிரேக்கத் தூண்போல் கட்டிய அது 1844இல் எரியத் தொடங்கியது. அப்போது துறைமுகம் கிடையாது, கடலும் இன்றைக்கு இருப்பதைவிடக் கிட்டத்தில் இருந்தது. கப்பல்கள் தூரத்தில் நிற்க, மசூலாப் படகுகளில் ஆளும் சரக்கும் கரைக்கு வந்த காலம்.

பிறகு நீதிமன்றம். சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் அமைந்தது. முப்பது ஆண்டுகள் கடற்கரைச் சாலையில் பெண்டிங்க் பெயரிலான கட்டடத்தில் நடந்தது. சொந்தக் கட்டடம் வேண்டும் என்றபோது, நகரின் நடுவில், துறைமுகத்துக்கும் வணிகத் தெருக்களுக்கும் பக்கத்தில், யாரையும் காலி செய்யத் தேவையில்லாமல் இவ்வளவு பெரிய அரசு நிலம் வேறெங்கே கிடைக்கும்? காலி செய்யும் வேலை 130 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டதே. 1888இல் வேலை தொடங்கியது. கட்டடக் கலைஞர் பிராசிங்டன் தொடங்கிய வரைவை இன்னொரு கட்டடக் கலைஞரான ஹென்றி இர்வின் முடித்துவைத்தார். 1892 ஜூலை 12 அன்று திறந்தார்கள். 1894இல் விளக்கு நீதிமன்றத்தின் உயரமான கோபுரத்துக்கு மாறியது; பழைய கல்தூண் இருண்டது. நீதிமன்றத்தின் தலையிலேயே விளக்கு எரிந்த அந்த ஏற்பாடு, 1977இல் மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வரும்வரை நீடித்தது. நடுவில் 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுட்ட குண்டுகளில் ஒன்று வளாகச் சுவரில் விழுந்தது. அதற்கு அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது.

இப்போது நிலத்துக்கு வந்தவர்கள் புது வகை மக்கள். வழக்கறிஞர்கள், குமாஸ்தாக்கள், டைப்பிஸ்டுகள், சட்ட மாணவர்கள், வெளியூரிலிருந்து பையோடு வரும் வழக்காளிகள். பகலில் ஆயிரக்கணக்கானோர், இரவில் காவலர்கள் மட்டும். 1757க்குப் பிறகு இந்த மண்ணில் குடும்பங்கள் வாழும் ஊர் என்று ஒன்று மறுபடி வரவேயில்லை. மேற்கு ஓரம் பஸ் நிலையமானது. 2002இல் வெளியூர்ப் பேருந்துகள் கோயம்பேட்டுக்குப் போயின. 2019இல் பூமிக்கு அடியில் மெட்ரோ ஸ்டேஷன் திறந்தது. 2018இல் சட்டக் கல்லூரியையும் நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். நெசவாளர், வணிகர், கோயில், தேவாலயம், மாணவர் என்று இந்த நிலம் யாரையாவது வெளியே அனுப்பிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

ஒரு கல்லறையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. பழைய இடுகாட்டிலிருந்து தப்பிய ஒரு கூம்பு சட்டக் கல்லூரிப் பக்கம் இன்னும் இருக்கிறது. 1680இல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியுடையது. அவருடைய விதவையைத்தான் பின்னால் ஆளுநரான எலிஹு யேல் மணந்தார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர் அவரே. அவர்களுடைய சிறுவயதிலேயே இறந்த மகன் டேவிட்டும் அங்கே புதைக்கப்பட்டான். பல காலமாக அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வளாகத்தில் வாகனம் நிறுத்த அடுக்கு நிலையம் கட்ட வேண்டும், கல்லறை தடையாக இருக்கிறது என்று வழக்கு வந்து, 2023இல் அதை இடம் மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. என் கருத்து, கல்லறை அங்கேயே இருக்கட்டும். கூடவே, அந்த மண்ணில் வாழ்ந்து வெளியேற்றப்பட்ட நெசவாளர்களுக்கும் சாயக்காரர்களுக்கும், கோயில் நின்ற இடத்துக்கும் ஒரு பலகையாவது வைக்க வேண்டும். எம்டன் குண்டுக்கு ஒரு கல்வெட்டு வைக்க முடிந்தவர்களுக்கு, ஒரு முழு ஊருக்கு வைப்பது பெரிய காரியமல்ல.

இந்த நிலத்தின் உரிமை பற்றி இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் நவம்பரில், ஒரு சனிக்கிழமை இரவு 8 மணியிலிருந்து ஞாயிறு இரவு 8 மணி வரை வளாகத்தின் எல்லா வாயில்களையும் மூடிவிடுவார்கள். வழக்கறிஞருக்கும் அனுமதி இல்லை. காலகாலமாக இதன் வழியே நடந்து போகிறோம், எனவே இது பொதுவழி என்று யாரும் உரிமை கொண்டாடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அந்த ஒரு நாள், ஜார்ஜ் டவுனிலிருந்து கோட்டைப் பக்கம் போகிறவர்கள் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.