திருச்சபை இந்த உலகத்தில் எதற்காக இருக்கிறது?

கேள்வி இதுதான்: வாரம் ஒருமுறை கூடி ஆராதிப்பதோடு சபையின் வேலை முடிந்துவிடுகிறதா?

இல்லை. புதிய ஏற்பாட்டில் 'சபை' என்று வரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் எக்லேசியா. கூட்டமாக அழைக்கப்பட்ட மக்கள் என்று பொருள், கட்டடம் அல்ல.

சரி, தேவன் அவர்களை எதற்கு அழைத்தார்? "பிதா என்னை அனுப்பினதுபோல நானும் உங்களை அனுப்புகிறேன்" என்று யோவான் 20:21-இல் இயேசு சொல்கிறார். காரணம் இங்கேதான் இருக்கிறது. சபை தானாக ஒரு திட்டம் போட்டுக்கொண்டு கிளம்பவில்லை, அது அனுப்பப்பட்டது. எப்படி அனுப்பப்பட்டது என்பதையும் கவனியுங்கள்: அவர் வந்ததுபோலவே. அவர் போதித்தார், நோயாளிகளைத் தொட்டார், ஒதுக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஆகவே நற்செய்தி சொல்வதையும் பசித்தவருக்குச் சோறு போடுவதையும் பிரிக்க முடியாது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். எருசலேமின் முதல் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கீடு சரியாகக் கிடைக்கவில்லை. அதை ஒரு சில்லறைப் பிரச்சினை என்று யாரும் தள்ளவில்லை. அதற்காகவே ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள் (அப்போஸ்தலர் 6).

அப்படியானால் ஆராதனை எதற்கு? கிணற்றை நினைத்துப் பாருங்கள். ஊற்று இல்லாவிட்டால் இறைக்க ஒன்றுமில்லை. இறைக்காமலே விட்டால் தண்ணீர் பாசி பிடித்துவிடும். ஆராதனை ஊற்று, ஊழியம் இறைப்பு.

ஊழியம் போதகர்களின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் அப்போஸ்தலர் 8-இல், அப்போஸ்தலர்கள் எருசலேமிலேயே இருக்க, துன்பத்தால் சிதறிப்போன சாதாரண விசுவாசிகள்தான் போன இடமெல்லாம் வசனத்தைக் கொண்டுபோனார்கள்.