ஹிமாலயன் 450-இல் கால் எட்டவில்லை: லிங்க் மாற்றலாமா?

புது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக், என் உயரம் 5 அடி 4 அங்குலம், நுனிக்கால்தான் படுகிறது, மெக்கானிக் பின்னால் லோயரிங் லிங்க் (பின்பக்கத்தைத் தாழ்த்தும் சஸ்பென்ஷன் இணைப்பு) போடச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் சீட்டைக் கழற்றிப் பாருங்கள். சீட் உயரம் 845 மி.மீ. நிலையில் இருந்தால் 825-க்கு இறக்குங்கள். போதாவிட்டால் கம்பெனியே தரும் தாழ்வான சீட்டில் 805 வரை வரும்.

அடுத்தது பின் ஷாக் அப்சார்பரின் பிரீலோடு, அதாவது அதன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் அளவு. இதைப் பலர் தொடுவதே இல்லை. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஆக்சிலிலிருந்து நேர் மேலே டெயிலில் ஒரு புள்ளிவரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட்டோடு உட்கார்ந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். 200 மி.மீ. டிராவலுக்கு (சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம்) வித்தியாசம் 60 முதல் 65 மி.மீ. இருக்கலாம். 45தான் வருகிறதென்றால் பிரீலோடைக் குறையுங்கள், வண்டி தானாக இறங்கும். லக்கேஜ் ஏற்றும்போது திரும்பக் கூட்ட மறக்காதீர்கள்.

லிங்க் மாற்றி பின்பக்கத்தை மட்டும் 30 மி.மீ. இறக்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், வளைவில் வண்டி சோம்பலாகத் திரும்பும். அதைவிட ஆபத்து சைடு ஸ்டாண்டு: நீளம் அப்படியே இருப்பதால் வண்டி கிட்டத்தட்ட நேராக நிற்கும், லேசான சரிவிலேயே வலப்பக்கம் சாயும். வண்டியின் எடை 196 கிலோ!

இரண்டு காலும் ஊன்றவே தேவையில்லை. நிறுத்தும்போது இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி இடது பாதத்தை முழுதாக வையுங்கள், வலது கால் பிரேக்கில் இருக்கட்டும். காலி மைதானத்தில் இதை ஐம்பது தடவை செய்து பாருங்கள்.