இம்ப்ளையா இன்சினுவேட்டா – ஒரு கடிதம்

வணக்கம் அக்கா. மீட்டிங்ல எங்க மேனேஜர் என்னைப் பார்த்துக்கிட்டே "சில பேருக்கு திங்கக்கிழமை ஆனாத்தான் உடம்புக்கு முடியாம போகுது"ன்னாரு. முந்துன வாரம் திங்கக்கிழமை எம்சி, அதான் டாக்டர் சீட்டோட மெடிக்கல் லீவு, எடுத்தது நான் ஒருத்திதான். என் எம்சி பொய்னு நீங்க இன்சினுவேட் பண்றீங்கன்னு அவருக்கு இங்கிலீஷ்ல ஈமெயில் போட்டேன். இப்போ நான்தான் அவரை அவமானப்படுத்திட்டேன்னு எச்ஆர் வரைக்கும் போயிருச்சு. இம்ப்ளை, இன்ஃபர், ஹிண்ட், இன்சினுவேட் எல்லாம் ஒண்ணுதானே?
– ஒரு வாசகி, செந்தூல்

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஒண்ணு இல்லம்மா. டிக்‌ஷனரியில இதுல பலதுக்கும் மறைமுகமா உணர்த்துறதுன்னு போட்டுடறாங்க, அதான் குழப்பம். இன்ஃபர்ங்கிறது சொல்றவர் வேலையே இல்ல, கேக்குறவர் தானா புரிஞ்சுக்கிறது. ஹிண்ட்னா கோடி காட்டுறது, எதிர்ல இருக்கவங்க புடிச்சுக்கணும்னு ஆசைப்பட்டு சொல்றது.

இம்ப்ளைக்கு ஆளே வேண்டாம், ஒரு கணக்கு ரிப்போர்ட்கூட கம்பெனி நஷ்டத்துல போகுதுன்னு இம்ப்ளை பண்ணும், ஆனா இன்சினுவேட் பண்ண ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்கு அடுத்தவங்களைப் பத்தி தப்பா சொல்லணும் ஆனா சொன்னதா மாட்டிக்கக் கூடாது. நம்ம வீட்டுல ஜாடை பேசுறதும்போமே, அது. அந்த சொல்லைப் போட்டதும் அவரோட எண்ணமே கெட்டதுன்னு எழுதுன மாதிரி ஆயிடுச்சு, அதான் அவருக்கு சுட்டிருக்கு. சொல் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அவர் செஞ்சது அதேதான்.

பால் கிரைஸ்னு ஒரு இங்கிலீஷ்கார தத்துவ அறிஞர் 1967ல ஹார்வர்ட்ல இப்படி நேரா சொல்லாம உணர்த்துறதைப் பத்தி உரை நிகழ்த்துனாரு, 1975ல அச்சுல வந்துச்சு. தத்துவம் சொல்லிக் குடுக்குற வேலைக்கு மனு போட்ட ஒரு மாணவனுக்கு வாத்தியார் சிபாரிசு கடிதம் எழுதுறாராம், இங்கிலீஷ் நல்லா வரும், வகுப்புக்கு ஒழுங்கா வந்தான், அவ்வளவுதான். தத்துவத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. இவனுக்கு தத்துவம் வராதுன்னு புரிய, படிக்கிறவருக்கு வேற என்ன வேணும்? ஆனா இப்படி உணர்த்துனதை பின்னாடி ஒரு வரி சேர்த்து இல்லன்னு ஆக்கிடலாம்னும் கிரைஸ் சொல்றாரு. உங்க மேனேஜர் நாளைக்கு "நான் பொதுவாத்தான் சொன்னேன்"னு சொல்லப் போறது அந்த வரிதான், இப்பவே தயாரா இருங்க.

நம்ம மலேசியாவுல 1957ஆம் வருஷ அவதூறு சட்டம் இருக்கு. மறைஞ்சு வர்ற அர்த்தத்துக்கு வக்கீலுங்க இன்னுவெண்டோன்னு சொல்வாங்க. அர்த்தம் என்னன்னு முடிவு பண்ண கோர்ட் சொன்னவர் மனசுக்குள்ள எட்டிப் பார்க்கிறதில்ல, நியாயமா யோசிக்கிற ஒரு சாதாரண ஆளுக்கு என்ன புரியும்னுதான் பார்க்கும். விவரம் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் உறைக்கிற பேச்சுன்னா அந்த விவரம் என்னன்னு வழக்கு போட்டவர்தான் எடுத்து வைக்கணும்.

உங்களுக்கு கோர்ட்டெல்லாம் வேண்டாம், ஆனா அந்த வழி போதும். எச்ஆர்ல அவர் எண்ணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. அந்த திங்கக்கிழமை எம்சி எடுத்தது நான் மட்டும்தான், என்னைப் பார்த்துத்தான் சொன்னாரு, கேட்டவங்களுக்கு அது நான்தான்னு புரிஞ்சுதுன்னு எழுதிக் குடுங்க, எம்சி காப்பியும் சேர்த்து. மன்னிப்பு மட்டும் கேக்காதீங்க.